மூன்று கவுன்கள்

எழுபதுகளில் ஒருநாள், எளாவூர் செக்போஸ்ட் அருகே லாரியில் அடிபட்டு இறந்த, ஊர் பேர் தெரியாத பெண்ணின் பிரேத விசாரணைக்குப் பள்ளி ஆசிரியனான என்னைச் சாட்சியாக நிறுத்தினார்கள். பேனா மூடியைக் கடித்தபடியே எழுதிவந்த போலீஸ் ரைட்டர், ஆங்கிலப் படிவத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

“எனுமரேட்னா இன்னா சார்?”

“ஒவ்வொண்ணா எண்ணி எழுதறது.”

“துணி மூட்டை ஒண்ணுன்னு போட்டா ஆவாதா?”

“ஆவாதுங்க.”

இறந்தவள் அருகே கிடந்த மூட்டையை அவிழ்த்தார். பெரியபாளையத்து அம்மன் கோயில் குங்குமம், வேப்பிலை, அடியில் புதுக் கவுன்கள்.

“மூணு கவுன்னு எழுதிக்குங்க” என்றேன்.

அவர் விரித்துப் பார்த்தார். மூன்றும் மூன்று அளவு.

“மூணு புள்ளைங்க சார். வழி பாத்துக்கினு இருக்கும்.”

ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுதினார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நான்தான் அவருக்குப் பொருள் சொன்னேன் என்று இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை.