அம்மா ஏறாத டிராம்கள்

டிராமின் தலையிலிருந்து நீண்ட இரும்புக் கழி மேலே ஓடும் கம்பியில் உரசும்போதெல்லாம் நீலப் பொறி தெறிக்கும். கூடவே, தலைமுடியை விளக்கில் காட்டியதுபோல ஒரு கருகல் வாடை வரும். சிங்கப்பூரைப் பற்றி எனக்கு முதன்முதலில் தெரிந்தது அந்த வாடைதான். எட்டு வயதில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, டேங்க் ரோடு ரயிலடிக்கு வெளியே வெயிலில் நின்றபடி, ஒரு பகல் முழுவதும் அதை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஜொகூரில் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். ரப்பர் விலை விழுந்து ஆண்களில் பலரை வேலையை விட்டு நிறுத்திய காலத்தில் அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அம்மாவும் கூடப் போயிருப்பாள்; ஆனால் அவள் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டும் வரைதான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. ஆகவே அவள் பால்வாளியோடு தோட்டத்திலேயே தங்கினாள். சில மாதங்களுக்கு ஒருமுறை அப்பா ரயிலில் வருவார். தோள்பட்டையில் மூட்டை அழுத்திய இடம் காய்த்துப்போய் மாட்டின் கழுத்துபோல இருக்கும். அதைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

ஒரு நாள் மாலை, தண்டவாள வேலை செய்யும் இருசன் என்பவர் லயத்துக்கு ஓடி வந்தார். துறைமுகத்து ஆட்களிடம் செய்தி கேட்டு வந்திருந்தார்.

"அக்கா, அண்ணன் மேல மூட்ட சரிஞ்சிருச்சாம். பெரிய ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. ஒன்னையும் புள்ளையையும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடக்காராம். நாளைக்கே போயிரு. சாயங்காலம் மணி அடிச்சாச்சுன்னா உள்ள விடமாட்டானுங்க."

"எப்படிப்பா போறது?"

"ரயில விட்டு எறங்கினா வாசல்லயே டிராம் வரும். ஆஸ்பத்திரின்னு சொன்னா எறக்கி விட்டுருவான்."

கங்காணியிடம் போய் அம்மா கைகட்டி நின்றாள். "ஒரு நாளுதான்" என்றார் அவர். "மறுநா பெரட்டுல பேரு கூப்புடறப்ப நீ நிக்கலேன்னா, ஒம் பேரு இருக்காது."

காலை ரயிலில் ஏறுவதில் தொல்லை இல்லை. இருசனே வந்து மூன்றாம் வகுப்பில் எங்களை உட்காரவைத்துவிட்டுப் போனார். ஜொகூர்க் கடலின் குறுக்கே கல்லைக் கொட்டிக் கட்டிய புதுப் பாதையில் ரயில் போனபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நான் கூவினேன். அம்மா பார்க்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்து அதன் முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உச்சிப் பொழுதாகும் முன்பே இறங்கிவிட்டோம். இருசன் சொன்னபடியே ரயிலடி வாசலில் டிராம் வந்தது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்து வெட்டுக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போக லாரி வரும். அது வந்து நின்றதும் யாரும் ஏறிவிடக் கூடாது. கங்காணி பின்பலகையருகே நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகே காலைத் தூக்கி வைக்க வேண்டும். முந்தி ஏறியவருக்கு அன்றைக்கு 'அரைப்பேர்'தான். முழு நாள் வெட்டினாலும் பாதிக் கூலி. வெள்ளைக்காரத் துரை இருக்கும் வண்டியென்றால் கிட்டேயே போகக் கூடாது. சாலையை விட்டு இறங்கிச் சாக்கடை ஓரம் நின்று, அவர் போன பிறகு நகர வேண்டும். அம்மா அந்த லாரியையும் மாட்டுவண்டியையும் தவிர வேறு வண்டியில் தானாக ஏறி அறியாதவள்.

டிராமின் படியில் காக்கிச் சட்டையும் தொப்பியும் தோல்பையுமாக ஒருவர் நின்றார். அம்மாவுக்கு அவர் கங்காணி. அவர் கண்ணில் படும்படி முன்னே போய், முந்தானையை இழுத்துப் போர்த்தி, என்னையும் நேராக நிற்கவைத்து, அவர் முகத்தையே பார்த்தாள். சீனர்களும் மலாய்க்காரர்களும் எங்களவர்களும் முண்டியடித்து ஏறினார்கள். அவர் மணிக்கயிற்றை இழுத்தார். டிராம் போய்விட்டது.

அடுத்ததில் முன்பக்கம் ஒரு வெள்ளைக்காரர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரத்துக்கே பின்வாங்கினாள். அதற்கடுத்ததில் வெள்ளைக்காரர் இல்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை.

"எல்லாரும் ஏறுறாங்களேம்மா?"

"அவுங்கள மொதல்லயே கூப்பிட்டிருப்பாங்க பாப்பா. நம்ம மொற வரும்."

முறை வரவில்லை. டிராம்கள் வந்தன, பொறி தெறித்தது, வாடை அடித்தது, போயின. எங்கள் நிழல் காலடியிலிருந்து கிளம்பிச் சாலைக்கு நீண்டது. பசிக்கிறது என்றேன், சோறு அப்பாவுக்கு என்றாள். தன் உயிருக்குயிரானவர் எங்கோ பக்கத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், ஒரு படியில் கால் வைக்க அவளால் முடியவில்லை. நகரத்தில் பிறந்து வளர்ந்த என் தோழிகள் இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது என்கிறார்கள். சிரிப்பவர்கள் ஒரு நாளாவது அந்தப் பின்பலகையருகே நின்று பார்த்திருக்க வேண்டும்.

சாலையோரம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் ஒருத்திதான் கடைசியில் எழுந்து வந்தாள்.

"ஏ ஆத்தா, அப்பப் புடிச்சுப் பாக்குறேன். யாருக்காக நிக்கிற?"

"டிராமுக்கு அக்கா."

"டிராமுக்கா? இம்புட்டு நேரம் போனதெல்லாம் என்ன, சாமி தேரா?"

"அவரு இன்னும் கூப்புடலக்கா."

"கூப்புடணுமா! வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமோ மகாராணிய? அலமாக்! எந்தத் தோட்டத்துலேருந்து வந்த நீ?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கே போகிறோம் என்று அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றது. "ஆஸ்பத்திரிக்கா? அடிப் பாவி, மணி அடிக்கிற நேரமாச்சேடி!" அடுத்த டிராம் நின்றதும் என்னைத் தூக்கி உள்ளே போட்டாள்; அம்மாவை இடுப்பில் கைகொடுத்துத் தள்ளினாள். "இந்தப் பொம்பளய ஆஸ்பத்திரியில எறக்கி விடுங்கண்ணே" என்று கத்தியது மட்டும் கேட்டது.

பெஞ்சு காலியாக இருந்தும் அம்மா தரையில் உட்கார்ந்தாள். "எந்திரிச்சு மேல ஒக்காரும்மா, காசு குடுத்திருக்கேல்ல" என்று தோல்பைக்காரர் சொன்னார். "இருக்கட்டும் சாமி" என்றாள். நான் ஜன்னல் வழியாகச் சீனக் கடைகளின் பலகைகளையும் ஆற்றுப் படகுகளையும் பார்த்தேன். பயணம் சிறியதுதான். நாங்கள் நின்ற நேரத்தில் குழந்தை நடையாகவே நடந்து போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பஞ்சாபிக் காவல்காரர், நாங்கள் 'ஜாகா' என்போம், தடியைக் குறுக்கே நீட்டினார். "ஹாபிஸ். பேசோக்" என்றார். முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று அர்த்தம். அம்மா அழவில்லை, மன்றாடவில்லை. கும்பிட்டுவிட்டு ஒதுங்கினாள். மதிலோரத்திலேயே அன்றிரவைக் கழித்தோம்.

காலையில் கதவு திறந்து உள்ளே போனபோது அப்பாவின் கட்டில் என்று காட்டியதில் வேறொருவர் படுத்திருந்தார். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆள் அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னான்: "அவரு ராத்திரியே போயிட்டாரும்மா. சொந்தக்காரங்க யாரும் வரலன்னு இருட்டோட வண்டியில ஏத்திட்டாங்க." எங்கே என்று கேட்டதற்குத் துடைப்பத்தாலேயே ஒரு திசையைக் காட்டினான். "அந்தப் பக்கம்."

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்தவர் எழுந்து உட்கார முயன்றார். "நீதான் மாரியாயியா? நேத்து பூரா வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாரும்மா. 'இப்ப ரயிலு வந்திருக்கும், இப்ப டிராமுல ஏறியிருப்பாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மணி அடிச்சதும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

அம்மா சோற்றுப் பொட்டலத்தை அவர் கட்டிலில் வைத்தாள். அது புளித்துப் போயிருக்கும். வெளியே வந்து, ரயிலடிக்குத் திரும்பும் டிராம் முழுதாக நிற்பதற்குள் கம்பியைப் பிடித்து ஏறி, என்னைக் கையால் தூக்கி இழுத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் கங்காணி, செத்துப்போனவருக்காக அவள் பேரை அழிக்காமல் விட்டிருந்தார். அதற்கு மறுநாள் லாரி வந்தது. பின்பலகையருகே எல்லாரும் நிற்க, அம்மா வாளியை உள்ளே வீசிவிட்டு ஏறினாள்.

"ஏய் மாரியாயி! ஒன்னக் கூப்பிட்டேனா?"

"கூப்புடட்டும்னு நின்னுதான் எம்புருசன் மொகத்தக்கூடப் பாக்காம வந்திருக்கேன். இனிமே நிக்க மாட்டேன்."

அன்றைக்கு அரைப்பேர். மறுநாளும் ஏறினாள், மறுநாளும் அரைப்பேர். கங்காணி கையைப் பிடித்துக் கீழே இழுத்த அன்று முழங்கை தோலுரிந்து வந்தாள். மாதம் முடிவதற்குள் எங்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். ஜொகூர் பாருவில் ஒரு மிஷன் விடுதியில் அம்மாவுக்குத் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்த பள்ளியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எழுத்தறிந்த முதல் ஆள் நான். இன்று ஆசிரியையாக இருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

சிங்கப்பூர் டிராம்களை அதன்பின் சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டார்கள். தண்டவாளங்களின் மேல் தார் போட்டாயிற்று. டேங்க் ரோடு ரயிலடியும் மூடப்பட்டு, துறைமுகத்தை ஒட்டிப் புதிதாகப் பெரிய நிலையம் வந்திருக்கிறது. இப்போது மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்களும் கொசுக்கூட்டம்போல் சின்னப் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றின் முகப்பில் எழுதியிருப்பதையெல்லாம் என்னால் படிக்க முடியும். எதில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அந்த நகரத்தின் எந்த மூலைக்கும் போய் வருவேன்.

ஆண்டுக்கொருமுறை அம்மாவையும் கூட்டிப் போகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, துடைப்பம் காட்டிய திசையில் போகும் பஸ்ஸில் ஏறுகிறோம். அநாதைப் பிணங்களைப் புதைத்த இடம் எது என்று விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு சாலையைச் சொல்கிறார்கள். அந்தச் சாலைகளில் வரிசையாகக் கடைவீடுகள் வந்துவிட்டன. பஸ் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள்.

"இங்கனயா இருக்கும் பாப்பா?"

"தெரியலம்மா" என்கிறேன்.