மனையில் பூத்த கொட்டைக்கரந்தை

நாளிதழ் இணைப்பில் ‘இது என்ன செடி?’ பகுதிக்குப் பதில் எழுதுகிறவனுக்கு, செடியைத் தவிர மற்ற எல்லாவற்றின் படமும் வந்து சேரும். தாவரவியல் படித்த பாவத்துக்கு அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப் குழுவில் விவரம் தெரிந்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கியவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

பூவும் ஒரு ஜோடியும்

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் தனசேகர் அனுப்பிய படத்தில் அவரும் மனைவி காஞ்சனாவும் சிரித்தார்கள். காலடியில் ஊதாப் புள்ளியாக ஏதோ தெரிந்தது. வாலாஜாபாத் சாலையில் மனை பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தார்கள். மனை முழுக்க இந்தப் பூதானாம். வாடாமல்லி தானாகவே முளைக்கிற ராசியான மண் என்று மனை விற்கிற புரோமோட்டர் சொன்னாராம். அதையே உடல் முழுக்கச் சின்னச் சின்னப் புட்டாவாகப் போட்டு கிரகப்பிரவேசத்துக்குச் சேலை நெய்ய காஞ்சனாவுக்கு ஆசை. தண்டு தெரிகிற மாதிரி வேறு படம் கேட்டேன்.

“பூவைத்தானே சார் நெய்யப் போறோம், தண்டு எதுக்கு?” என்றார் தனசேகர்.

தண்டுக்கும் கரை

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நேரிலேயே போனேன். தரையோடு படர்ந்த செடி, கசக்கினால் காட்டமான வாசம். தண்டு நெடுக இரு பக்கமும் மெல்லிய விளிம்பு ஓடியது. சேலை மாதிரி இதுக்கும் கரை இருக்குதே என்று தனசேகர் வியந்தார். வாடாமல்லிக்கு அது கிடையாது, இது கொட்டைக்கரந்தை என்றேன். நெல் அறுத்த வயலிலும் வற்றிய ஏரியிலும் ஈரத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டு, கோடையில் காய்ந்துவிடும். மழைத் தண்ணீர் நிற்காத இடத்தில் இப்படிக் கும்பலாக வராது. தனசேகர் பூவைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்.

காஞ்சனாதான் நிமிர்ந்தார். “செடி வெயிலுக்குச் செத்துப் போவுது, சரி. மழைக்கு நாங்க எங்க போறது சார்?”

உழுத மனை

ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டுத்தான் பத்திரம் என்று காஞ்சனா சொல்லிவிட்டார். முன்பணம் போய்விடும் என்று தனசேகருக்குப் பயம். புரோமோட்டர் மறுவாரமே டிராக்டர் விட்டு உழுதார். ஒரு பூ மிச்சமில்லை. பிறகு என்னைப் போனில் கூப்பிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன், மரியாதையாகத்தான் பேசினார்.

“மேட்டு நிலத்துல என்ன பூ வரும்னு சொல்லுங்க சார், அதையே நட்டுடறோம்.”

ஐப்பசியில் அதே மனையில் முழங்கால் தண்ணீரில் நின்று காஞ்சனா எடுத்த படம் புரோமோட்டருக்குப் போனது. முன்பணம் திரும்பி வந்தது, அன்றோடு புரோமோட்டரின் போன் எனக்குக் கிடைக்காமல் போனது.

பூவின் பெயரைச் சொன்னால் நன்றி சொல்கிறார்கள், அது நிற்கிற இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நம்பரை பிளாக் செய்துவிடுகிறார்கள்.