கம்பிக்கதவின் சாவி

எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இரண்டு கதவு, இரண்டு சாவி: வெளியே கம்பி, உள்ளே மரம். தேக்கா சந்தைச் சாவிக்கடையில் எனக்கு முன்னால் நின்ற காவலாளி, பதின்மூன்று வயது மகளுக்காக மரக்கதவுச் சாவிக்கு மட்டும் நகல் கேட்டார். தூக்கம் வந்து பாதியில் திரும்பிப்போன கண்கள். கம்பிக்கதவுச் சாவியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“கேட் சாவி வேணாமாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“ராத்திரி நான் வேலைக்குப் போனா உள்ள பூட்டிக்க இது போதும். கேட்டை நானே தொறந்துவிடுவேன் லா.”

“பிள்ளை மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டேன்.

“அவள நம்புறேன் சார். நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகல்ல தூங்குறேன். அவ பெல் அடிச்சாத்தான் எழுந்திரிப்பேன். என்னை எழுப்ப வேற யாரு இருக்கா?”

நகலை வாங்கிக்கொண்டு பத்தடி போனவர் திரும்பி வந்து, தேய்த்த சாவியையும் நீட்டினார். “இதையும் வெட்டிடுங்க. எனக்காகப் பிள்ளை ஏன் வெளிய நிக்கணும்.”

கையில் சாவி இருந்தும் அவள் எப்போதாவது மணியை அழுத்துகிறாளா என்று, என் இரண்டு கதவுகளையும் நானே திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.