மூங்கில் தடுப்பை அவிழ்த்தவர்

கடந்த வியாழக்கிழமை காலை, என் தீவனக் கடையில் புண்ணாக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சரோஜா அண்ணியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "மாமா போயிட்டாருங்க" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வெர்னர் அண்ணனின் உயிர் பிரிந்துவிட்டது.

வெர்னர் அண்ணன் ஜெர்மனியில் பிறந்தவர். அங்கே செவிலியராக வேலை பார்த்த, கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் வடகரப்பதியைச் சேர்ந்த சரோஜா அண்ணியை மணந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் அண்ணியின் ஊருக்கே குடிவந்தார். என் கடைக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டாரும் அதன் சாமான்களும் சொட்டுநீர்க் குழாய்களும் விற்கும் கடை போட்டார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதையை மட்டுமே கற்றவர் அவர். கடைக்குள் நுழையும் நாயைக்கூட "வெளியில போங்க" என்றுதான் விரட்டுவார். புது மோட்டார் கேட்டு வரும் விவசாயியிடம், "பழசைக் கொண்டாங்க, பாக்கலாம்" என்பார். பாதிப் பேர் வாஷர் மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். "இப்படி யாவாரம் பண்ணுனா வெளங்குமாங்க?" என்று கேட்டால், "மோட்டார் ஓடுதல்லங்க" என்பார்.

இளமையில் ராணுவத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கொரோனாக் காலத்தில் எல்லையை அடைத்தார்கள். கோபாலபுரம் சோதனைச் சாவடியில் போலீஸ் நின்றது. தோட்டத்து வழிகளில் ஊர்க்காரர்கள் குழு அமைத்து, மூங்கில் கட்டி, முறை வைத்து நின்றோம். ஒரு நண்பகலில் சிவகாமி என்ற பெண் வந்தார். எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு கல் தொலைவில் அவருடைய தாய் சாகக் கிடந்தார்.

"பாஸ் இல்லாம உட முடியாதுங்கம்மா" என்றேன். அவர் மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

சத்தம் கேட்டு வெர்னர் அண்ணன் வந்தார். "உடுங்க, பாத்துட்டு வரட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரருக்கு எங்க எல்லையைப் பத்தி என்னங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

பதிலுக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க நாடு அப்ப ரெண்டா இருந்துச்சுங்க. நடுவுல எல்லை. எனக்குப் பத்தொம்பது வயசு, காவலுக்கு நின்னேன். ஒருத்தன் தாண்டி ஓடுனான். சுட்டேனுங்க. விழுந்தான். செத்தானா, பொழைச்சானான்னு எனக்கு யாருமே சொல்லல. அதுக்குப் பரிசா நாலு நாள் லீவு குடுத்தாங்க. ஊட்டுக்குப் போயி அம்மா செஞ்ச கேக்கைத் தின்னேன்."

சொல்லிவிட்டு அவரே கயிற்றை அவிழ்த்து மூங்கிலை ஓரமாகத் தள்ளினார். சிவகாமியோடு தென்னந்தோப்பு வழியே நடந்தார். அந்தத் தாயின் வாயில் மகள் கையால் பால் ஊற்ற முடிந்தது.

மறுநாள் எங்கள் குழு அவர் மீது புகார் எழுதியது. நானும் கையெழுத்திட்டேன். நோய்க்குப் பயந்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் ஊரார் என்னையும் ஒதுக்குவார்கள் என்று அதைவிடப் பயந்தேன். அவர் விசாரணைக்குப் பாலக்காடு போய்வந்தார். நாட்டை விட்டே போகச் சொல்லிவிடுவார்களோ என்று அண்ணி பெட்டி கட்டி வைத்திருந்தார். பல மாதங்கள் கழித்து எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அதற்குப் பிறகும் கடை திறந்ததும் அவர் "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். ஒரு நாளும் என்னால் அவர் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிந்ததில்லை. மன்னிப்புக் கேட்பதை இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை மாலை, அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அண்ணியிடம் சொன்னேன். "அந்தப் புகார்ல என் கையெழுத்தும் இருந்துச்சுங்க அண்ணி."

"அவருக்கு அப்பவே தெரியுமுங்க. விசாரணையில காட்டுனாங்க" என்றார் அண்ணி. "'பயந்து போட்டிருப்பாருங்க, நானும் பயந்துதான் சுட்டேன்'னாரு. உங்ககிட்ட அதைப் பேச வேண்டாம்னுட்டாரு."

தூக்குவதற்கு ஆள் நிறைய இருந்தார்கள். ஆனாலும் பாடையின் ஒரு முனையை நான் வாங்கிக்கொண்டேன். மயானம் வரை, யார் கேட்டும் தோள் மாற்றவில்லை.

வெர்னர் அண்ணா, மன்னிச்சுருங்க. போயிட்டு வாங்க.