ரசமட்டம் பார்க்க ஓர் ஆள்

ஓர்வின் ட்வெய்ட்டின் ஹெலிகாப்டரில் ஒரே ஓர் இருக்கைதான். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை டிராக்டர் கொட்டகையில் வைத்து அவரே பூட்டிய வண்டி. ஆறு வருஷ வேலை. முதல் நாலு வருஷம் மனைவி லவோன் கூட இருந்தாள். "பொண்டாட்டிக்கு இடமில்லாத வண்டியை இவ்வளவு ஆசையா கட்டுறவன் நீ ஒருத்தன்தான்" என்று கடைசிவரை கேலி செய்தாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

செப்டம்பரில் வண்டி முதல்முறையாகத் தரையை விட்டு எழும்பியது. எழும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக ஆரம்பித்தது. ஓர்வின் கைப்பிடியை முன்னால் தள்ளினார். தள்ளத் தள்ள, தள்ள இடமில்லாமல் போயிற்று. வால் தரையில் இடிக்க ஒரு சாண் இருக்கும்போது எப்படியோ இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வடக்கே லவோன் நட்ட மரங்களுக்கு மேலே ஒரு தடவை பறந்துகாட்டுவதாக ஆஸ்பத்திரியில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வட டகோட்டாவில் அக்டோபர் கடைசியில் பனி வந்துவிடும். இந்த வருஷமும் நழுவிவிட்டால் அப்புறம் தனக்குத் தைரியம் வராது என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று வாரம் ஒவ்வொரு கம்பியையும் கழற்றி மாட்டினார். எதிலும் குற்றமில்லை. ஒருநாள் காலை, விசிறித் தண்டில் ஒட்டியிருந்த காகித டேப் கண்ணில் பட்டது. லவோனின் கையெழுத்து: 'ஆள் 212 பவுண்டு. மட்டம் சரி. இனி உனக்கு கேக் கிடையாது.'

வண்டியை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்து, அடிச்சட்டம் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்த நாளில் எழுதியது. உட்கார்ந்திருப்பவருக்கு ரசமட்டத்தின் குமிழி தெரியாது. இன்னொருவர் கீழே மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு மண்டியிட்டவள் லவோன்.

ஓர்வின் வீட்டுக்குள் போய் எடைமெஷினில் ஏறி நின்றார். நூற்று எழுபத்தொன்று. ஆள் உட்காரும் முன்பக்கத்தில் நாற்பத்தொரு பவுண்டு குறைந்தால் மூக்கு தூக்காமல் என்ன செய்யும்?

இரண்டு வருஷமாக டப்பா சூப்பும் ரொட்டியும். பெல்ட்டில் ஆணி அடித்து மூன்று துளை புதிதாகப் போட்டவரும் அவர்தான், அப்போதும் உறைக்கவில்லை. இளைத்துவிட்டாய் என்று சொல்லவும் ஆளில்லை.

மறுபடி தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குச்சியில் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தனியாகவே முயன்றார் மனிதர். எட்டிப் பார்க்கச் சாய்ந்தால் வண்டியும் கூடவே சாய்ந்தது.

எங்கள் பக்கத்து ஆட்கள் உதவிக்குக் கூப்பிடாமலே ஓடிவருவார்கள். கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வராது. லவோனின் அடக்கத்தின்போது ஊரே ஹாட்டிஷ் என்ற இறைச்சி, உருளைக்கிழங்குப் பண்டத்தைப் பாத்திரம் பாத்திரமாகச் செய்து கொண்டுவந்தது. அடியில் பெயர் ஒட்டிய அந்தப் பாத்திரங்களை, வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வாசலில் வைத்துவிட்டு வந்தவர் ஓர்வின். 'ஹாகன்' என்று ஒட்டிய ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அந்த வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரை மைல் நடந்தார்.

கதவைத் திறந்த ஆர்லிஸ் ஹாகன் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அட, என்னோடது! தொலைஞ்சுபோச்சுன்னு புதுசே வாங்கிட்டேன். உள்ள வா, காப்பி இருக்கு."

"வேண்டாம்."

"ஒரு வாய் குடி."

"வேண்டாம்மா."

"ஊத்திட்டேன்."

மூன்றாவது தடவை கூப்பிட்டால் உள்ளே போவதுதான் மரியாதை. போனார்.

"என்னய்யா, ரெண்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" என்றார் அவள் கணவர் டுவேன்.

"ஒரு ஆள் வேணும். அஞ்சு நிமிஷம். மண்டி போடணும்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? சரி, நட."

கொட்டகையில் ஓர்வின் ஏறி உட்கார்ந்தார். டுவேன் முனகிக்கொண்டே மண்டியிட்டார். "குமிழி முன்னாடி ஓடி ஒட்டிக்கிச்சுய்யா."

ஓர்வினின் காலடிக்கு முன்னால் ஈயக்குண்டுப் பைகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

"இன்னும். இன்னொண்ணு. போதும்... நடுவுல நிக்குது."

டுவேன் பழைய டேப்பைச் சுரண்டப் போனார்.

"அத விடு."

டுவேன் புது எடை எழுதிய டேப்பை அதற்குக் கீழே ஒட்டினார். "இருபத்தஞ்சு பவுண்டு ஈயம்! எங்க வீட்டுல வந்து தின்னுருக்கலாமேய்யா. நாங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டீங்க." ஓர்வின் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அதப் பாக்க என்னால முடியல, டுவேன்."

டுவேன் தூசியே இல்லாத ரசமட்டத்தைச் சட்டைக் கையால் வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை காற்று இல்லை. வண்டி எழும்பியது, இந்த முறை நின்ற இடத்திலேயே நின்றது. ஓர்வின் மெல்ல மெல்ல மரங்களுக்கு மேலே ஏறினார். இரண்டு வரிசையும் நேராக இருந்தன. பட்டுப்போன மூன்று கன்றுகளின் இடம் மட்டும் வெறுமை. 'பாரு' என்று சொல்ல வலப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் கதவுகூடக் கிடையாது. அவர் சத்தமாக அழுதார். வண்டியின் இரைச்சலில் அவருக்கே கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது வாசற்படியில் ஹாகன் பாத்திரம் சூடாக இருந்தது, மேலே துணி மூடி.

தட்டில் பாதியைப் போட்டுக்கொண்டு மறு பாதியைப் பழக்கத்தில் ஒதுக்கி வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஈயப் பைகள் ஞாபகம் வந்தன. ஒதுக்கிய பாதியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். பாத்திரத்தைக் கழுவிக் கதவருகே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.