ஒரே ஓர் அடி

நெய்வேலியில் நான் விசாரணை அதிகாரியாக இருந்தபோது, மேஸ்திரியை அடித்ததாக ஒரு சுரங்கத் தொழிலாளி என்முன் வந்தார். ஒல்லியான உடம்பு, ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். என் அனுபவத்தில், அடித்தவர்கள் எல்லாரும், அவர்கள் வாக்குமூலப்படி, அன்றைக்கு லீவில் இருந்தவர்கள். கூட வந்த யூனியன்காரர் இவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அடிச்சேங்க. ஸ்பேனர ஓங்கிக்கினு வந்தாரு. பின்னால கரி அள்ளிப்போற பெல்ட் ஓடிக்கினு இருந்துச்சு, எங்க போறது?"

"கெட்டுது போ" என்று யூனியன்காரர் முணுமுணுத்தார்.

"எத்தனை அடி?" என்றேன்.

"ஒண்ணுதாங்க. ஸ்பேனர் கீழ வுழுந்துடுச்சு. அப்புறம் எதுக்கு?"

மேஸ்திரியும் ஸ்பேனரை மறுக்கவில்லை. தற்காப்பு என்று எழுதி விடுவித்தேன். மறுநாளே ஷிப்டுக்குப் போனார்.

ஆபத்து நீங்கியதும் தற்காப்பு உரிமையும் முடிகிறது என்பதை நான் தேர்வெழுதித் தெரிந்துகொண்டேன். அடித்த கையை அந்த நொடியில் நிறுத்த அவர் எங்கே கற்றாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.