நீல பிளாஸ்டரும் என் தாடையும்

பிஸ்கெட் கம்பெனியில் வேலை என்றால் எல்லாரும் பிஸ்கெட் கேட்பார்கள். நான் தினமும் பார்ப்பதோ பிஸ்கெட்டை அல்ல, ஆம்பளைகளின் தாடையை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேட்டில் நான் சுகாதார சூப்பர்வைசர். தாடியோடு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போது நான் பயிற்சிக் காலத்தில் இருந்தேன். எங்கள் பிஸ்கெட்டை வாங்கும் கம்பெனி வந்து செய்யும் சுகாதார ஆடிட் நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

பழைய கை, புது ரேஸர்

ஊரார் தாடையைச் சோதிப்பவன் தாடை பளபளவென்று இருக்க வேண்டாமா? தினமும் சவரம் செய்ததில், தலையோடு கழற்றி எறியும் கார்ட்ரிட்ஜ் பிளேடுகள் சீக்கிரமே மழுங்கி, குப்பைக்கூடையை நிரப்பின. வெறுத்துப்போய், பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளும் இரும்பு சேஃப்டி ரேஸர் ஒன்று வாங்கினேன்.

இந்த மாற்றத்தைச் செய்த சக பாவிகளுக்குத் தெரியும். கார்ட்ரிட்ஜை அழுத்தி இழுக்கலாம். இதை அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். ஆனால் கை பழைய கைதானே? முதல் நாளே தாடையில் மூன்று கோடு. கேட்டில் செக்யூரிட்டி நாகய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஊட்டுல பூனை கீனை வளக்குறீங்களா?"

காணாமல் போன பிளாஸ்டர்

எங்கள் கம்பெனியில் காயத்துக்கு நீல பிளாஸ்டர்தான். மாவில் விழுந்தால் பளிச்சென்று தெரியும். ஒட்டிக்கொண்டு உள்ளே போனால், வெளியே வரும்போது காட்ட வேண்டும். ஒருநாள் மதியம் சாப்பிடப் போகும்போது தடவிப் பார்த்தேன். என் தாடையில் பிளாஸ்டர் இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். லைனை நிறுத்தினார்கள். மாவைக் கிளறினோம், பிஸ்கெட் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்தோம். அதிகம் சத்தம் போட்டது நான்தான். கடைசியில் பேக்கிங் தேவிகா அக்கா, என் காதில் தொங்கிக்கொண்டிருந்த முகக்கவசத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, பாழாய்ப்போன பிளாஸ்டர்!

"சார், உங்க மூஞ்சிக்கின்னு தனியா ஒரு சூப்பர்வைசர் போடணும்."

ஆடிட் காலை

மானம் போன வேகத்தில் நானே ஒரு விதி போட்டேன். முகத்தில் ரத்தக்காயம் இருந்தால், பிளாஸ்டர் ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு உள்ளே விடக் கூடாது. அதன்பின் கையை அடக்கக் கற்றுக்கொண்டேன். கீறல் நின்றது, முகமும் தெளிந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஆடிட் அன்று அந்தப் பெருமைதான் கெடுத்தது. இன்னும் கொஞ்சம் வழவழப்பு வேண்டும் என்று முடிக்கு எதிர்த்திசையில் ஒரு இழுப்பு இழுத்தேன். ரத்தம். கேட்டில் நாகய்யா கையை நீட்டி மறித்தார். கெஞ்சினேன், அதட்டினேன். மனிதர் அசையவில்லை. வேலை போச்சு என்று நின்றபோது பின்னால் ஆடிட்டரின் கார் வந்து நின்றது. யார் இவர் என்று அவர் கேட்க, "ரூல் போட்ட சூப்பர்வைசரே இவருதான் சார், அதான் உள்ள வுடல" என்றார் நாகய்யா.

சாயங்காலம்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"பாஸாயிட்டோம்பா. ரூல் போட்டவனையே வெளிய நிறுத்துற கேட்டுன்னு அந்தாளுக்கு ஒரே குஷி. அடுத்த ஆடிட்டுக்கும் அதே ரேஸர்ல ஷேவ் பண்ணிக்கினு வந்துடு."

இப்போது என் வேலை நிரந்தரம். சவரம் மட்டும் இன்னும் பயிற்சிக் காலத்திலேயே இருக்கிறது.